நாற்றங்காலுக்குப் பொன்னாடை

ஒரு காட்டில் ராஜா கிடையாது, நலச்சங்கம் இருந்தது. ராஜா இருந்த நாளில் அவருக்குப் பசி எடுத்தால் யாராவது ஒருவரைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். அத்தோடு அன்றைய அரசாங்கம் முடிந்துவிடும். சங்கம் வந்த பிறகு, யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அன்று முதல் காடு முழுக்கக் கத்தரிக்காய்தான். புலிக்கும் கத்தரிக்காய்தான். புலிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் தீர்மானத்தில் அதுவும் கைநாட்டு வைத்திருந்ததால், முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றது.

அத்தனை பேருக்கும் வேண்டிய கத்தரி நாற்றை வளர்த்துக் கொடுத்தவள் செங்கமலம் என்ற முயல். ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலம் அவளிடம் இருந்தது. அவளும் கணவனும் கல் பொறுக்கித் திருத்திய நிலம். கணவனைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. தீர்மானம் போடுவதற்குச் சற்று முன்னால் நடந்தது அது. பருந்து பிறகு ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தது. கூட்டம் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது. செங்கமலத்தின் வளைக்குள் அதன்பின் பேச்சுக் குரல் இல்லை. ஆகவே அவள் பகல் முழுக்க நாற்றங்காலிலேயே இருந்தாள்.

அந்த நிலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நாற்று வளர்ப்பவருக்கே நிலம். அடுத்தடுத்து இரண்டு விதைப்புப் பட்டத்தில் நாற்று சாய்ந்துவிட்டால், வரிசையில் முதலில் நிற்பவருக்கு அது போய்விடும். அவரும் அடுத்த அமாவாசைக்குள் நிலத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசைக்கு டோக்கன் கொடுத்திருந்தார்கள். முதல் டோக்கன் சடையன் என்ற காட்டெருமையிடம் இருந்தது. தொலைந்துவிடாமல் இருக்க அதைக் கொம்பில் மாட்டியிருந்தார். ஓடைத் தண்ணீரை நிலத்தில் திருப்பி, சேறாக்கி, அதில் புரண்டு படுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை.

ஆடிப்பட்டத்தில் செங்கமலம் விதைத்தாள். விதை முளைத்தது, இரண்டு இலை விட்டது. ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, நாற்றெல்லாம் கழுத்து மடங்கிக் கிடந்தன.

முயலின் காதுக்கு மண்ணுக்குள் நடக்கிற பேச்சும் கேட்கும். செங்கமலம் குனிந்து காதை மண்ணில் வைத்தாள். உள்ளே யாரோ நிம்மதியாக ஏப்பம் விட்டார்கள்.

"ஆரது?" என்றாள்.

"நாந்தானுங்க. சாய்ச்சான்."

அழுகல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சணம் அது. நின்ற நாற்றைச் சாய்ப்பதால் அந்தப் பெயர். மண் ஈரமானால் நீந்தி வரும். கத்தரி வேரின் நுனியில் சொட்டுச் சொட்டாகக் கசியும் இனிப்பு வாசம்தான் அதற்கு வழி காட்டுவது.

"என்ற நாத்து அத்தனையும் தின்னுட்டயே, உனக்கு மனசே இல்லையா?"

"மனசு இல்லீங்க, வயிறுதான் இருக்குது. மண்ணுக்குள்ள ஒரு ஆள் கெடையாது, ஒரு சத்தம் கெடையாது. கதவத் தொறந்து வெச்சு வெளக்கேத்தி வெச்ச மாதிரி இருந்துதுங்க. வந்தேன், தின்னேன். அடுத்து என்ன போடறீங்க? தக்காளியா? தக்காளியும் திம்பனுங்க."

அன்று மதியமே சடையன் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, நாத்து போயிருச்சாமுங்க?"

"போச்சுங்கண்ணா."

"அடடா. மனசுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க," என்றார் சடையன். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "இன்னொரு பட்டந்தானுங்களே?" என்று கேட்டார்.

அதிலிருந்து தினமும் வந்தார். காலையில் வந்து வேலியில் மோவாயை வைத்துக்கொண்டால், வெயில் சாயும்வரை அங்கேயே நிற்பார். "ஒண்ணும் அவசரமில்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்பார். நிலத்தின் நீள அகலத்தைக் கண்ணால் அளப்பார். எங்கே தலை வைப்பது, எங்கே கால் நீட்டுவது என்று யோசிப்பார். அப்படி யோசித்து நிற்கும்போது சாணி போடுவார். பெரிய உடம்பு. சாணியும் அதற்கேற்றபடி விழுந்தது.

செங்கமலம் அந்தச் சாணியைக் கூடையில் அள்ளினாள். சருகு சேர்த்தாள், பச்சைப் புல் சேர்த்தாள். சாய்ந்து கிடந்த நாற்றையும் ஆத்திரத்தோடு வாரி நடுவில் போட்டாள். ஆள் உயரத்துக்குக் குவியல் எழும்பியது. முயல் ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் குவியல் கொதித்தது. காலை வேளையில் ஆவி வந்தது. காதை வைத்தபோது, செத்த நாற்றோடு உள்ளே போன சாய்ச்சானின் பங்காளிகள் கத்துவது கேட்டது.

"வேகுதே! ஐயோ, வேகுதே! அம்மிணி, தொறந்து உடுங்க!"

செங்கமலம் அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாதவள். அன்றைக்குப் பின்னங்கால்களால் குவியலை நன்றாகக் கிளறிவிட்டாள். காற்றுப் பட்டதும் சூடு இன்னும் ஏறியது.

சூடு அடங்கியதும் வேறு ஆட்கள் குடிவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கூட்டம். எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், யாருக்கு யார் உறவு என்று ஒன்றும் தெரியவில்லை. வந்ததும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"அது என்ற சருகுடா!"

"உன்ற பேரு எழுதியிருக்குதா அதுல?"

"நவுந்து உக்காரு. ஊரு எடத்தையெல்லாம் நீயே புடிச்சுக்கிட்டா மத்தவன் எங்க போறது?"

"மேல கை வெச்சீன்னா வெசத்தக் கக்கிருவேன், ஆமா."

"கக்குடா பாக்கலாம்!"

கக்கினார்கள். அவர்களுக்குள் ஒரு பச்சைப் பூஞ்சணம் இருந்தான். பச்சையன் என்று பெயர். யாரோடும் ஒத்துப்போகாதவன், எல்லார் வம்புக்கும் போகிறவன். செங்கமலம் அவனிடம்தான் முதலில் பேசினாள்.

"தம்பி, என்ற நாத்தங்காலுக்கு வர்றீங்களா? அங்க சாய்ச்சான்னு ஒருத்தன் அழிம்பு பண்றான்."

"இப்ப முடியாதுக்கா. இங்கயே சோறு நெறையக் கெடக்குது. சோறு இருக்கற எடத்துல உக்காந்துக்கிட்டு ஆரு அடிதடிக்குப் போவா? எல்லாம் தீரட்டும். பசி வரட்டும். அப்பறம் கூப்புடுங்க."

திமிர் பிடித்தவன் என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் காத்திருந்தாள். ஐப்பசி மழை போயிற்று, கார்த்திகை போயிற்று. சருகு சருகாகத் தெரியவில்லை, சாணி சாணியாகத் தெரியவில்லை. கையில் அள்ளினால் கறுப்பாக, உதிரியாக, மழை விழுந்த புழுதியின் வாசத்தோடு இருந்தது. உள்ளே சண்டை முன்னைவிடப் பலமாக இருந்தது. இப்போது சாப்பாடு குறைச்சல்; ஆட்கள் அதிகம்.

தைப்பட்டத்துக்கு அந்த எருவை மேட்டுப்பாத்தியில் கலந்து விதைத்தாள். விதை முளைத்தது. ஒரு நாள் சாரல் அடித்தது. சடையன் வேலியில் இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஈரம் ஜாஸ்தியாட்டத் தெரியுது?"

"ஆமாங்கண்ணா," என்றாள் செங்கமலம். அப்படியே படுத்துக் காதை மண்ணில் வைத்தாள்.

சாய்ச்சான் நீந்தி வந்துகொண்டிருந்தான். வழக்கம்போல வேர்நுனியின் வாசம் பிடித்து வந்தான். ஆனால் வேரடியில் தேர்த்திருவிழாக் கூட்டம். வேர் ஒரு சொட்டு இனிப்பைக் கசியவிட்டால், அது மண்ணைத் தொடும் முன்பே நூறு பேர் நக்கிவிட்டார்கள்.

"கொஞ்சம் வழி உடுங்க," என்றான் சாய்ச்சான்.

"எங்கடா வழி? நாங்களே ஒத்தக் கால்ல நிக்கறோம்."

"எனக்கு ஒரு வாய் போதும். பழக்கப்பட்ட எடமுங்க இது."

"ஆருடா இவன்? கொழுகொழுன்னு வந்திருக்கான்?" என்றது பச்சையனின் குரல். "டேய் பசங்களா, சோறு இல்ல சோறு இல்லைன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தமே. சோறு தன்னால நடந்து வந்திருக்குதுடா."

பச்சையன் சாய்ச்சானைச் சுற்றி வளைத்தான். கொடி கம்பைச் சுற்றுகிற மாதிரி சுற்றி, அங்கங்கே துளைபோட்டு உறிஞ்சினான். சாய்ச்சானின் பாதி உடம்பு போயிற்று. மீதி உடம்போடு அவன் எப்படியோ நழுவி, பாத்தியின் ஓரத்தில் போய்ச் சுருண்டுகொண்டான்.

காலையில் நாற்றெல்லாம் நின்றன. இந்தக் கூச்சலைக் கேட்டுக்கேட்டு நாற்றுக்கும் உஷார் வந்துவிட்டது போல. தண்டு தடித்து, தோல் கெட்டிப்பட்டிருந்தது. சடையன் வேலியில் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"நல்லா இருக்குதுங்க. சந்தோசமுங்க," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

செங்கமலம் அதற்குப் பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் பாத்தியில் காதை வைத்துப் படுத்தாள். எந்நேரமும் கூப்பாடு, வசவு, அடிதடி. அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆள் இருக்கிற வீடு மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நன்றி என்று ஒன்று இருக்கிறதே. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல அவளுக்கு இருந்தது. நலச்சங்கத்தின் செயலாளர் நரி வைத்திலிங்கம் அந்தப் பக்கம் வந்தார். அவரிடம் சொன்னாள்.

வைத்திலிங்கம் கெட்டவர் அல்ல. காட்டில் யாருக்கு நல்லது நடந்தாலும் அவருக்குக் கண் கலங்கும். கண் கலங்கினால் விழா எடுப்பார். ஓடையில் தண்ணீர் வந்தால் விழா, வற்றினால் வற்றிய ஓடைக்கு நன்றி சொல்லி விழா. எதுவும் கிடைக்காத மாதத்தில் சென்ற விழாவை நன்றாக நடத்தியதற்கு விழா.

"செங்கமலக்கா! இத்தன பெரிய சேவைய இத்தன நாளா மறைச்சு வெச்சிருந்தீங்களே," என்றார். கண் கலங்கிவிட்டது. "கண்ணுக்கே தெரியாத காவல்காரங்க! இவங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலைன்னா நாம எல்லாம் என்ன உசுருங்க?"

"விழாவெல்லாம் எதுக்குங்க?"

"நீங்க சும்மா இருங்க. அவங்க கிட்டயே கேளுங்க."

செங்கமலம் காதை வைத்துக் கேட்டாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"பச்சையன் சொல்றானுங்க, 'நாங்க காவலும் காக்கல, சேவையும் பண்ணல. பசிக்குது, கெடைச்சதத் திங்கறோம். போயி வேலையப் பாருங்க'ங்கறான்."

வைத்திலிங்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்ன தன்னடக்கம்! என்ன தன்னடக்கம்! இத அப்படியே பேனர்ல போடறோம்."

செங்கமலம் இன்னும் தயங்கினாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தலைவர் வருவாரு. எல்லாரும் பாக்க நாத்து நிக்கறத அவரே ஒரு வார்த்த சொல்லிப்போட்டார்ன்னா, சடையனோட டோக்கன் அதோட செல்லாது. அப்பறம் நெலம் உங்களுது. ஆரும் வேலியில மோவாய வெக்க முடியாது."

அந்த ஒரு வார்த்தைக்காகச் செங்கமலம் சரி என்றாள். நிலம் நிலைத்துவிடும் என்றால் ஒரு மாலை நேரத்தை மேளச் சத்தத்தில் கழித்தால்தான் என்ன?

"விருந்து உண்டுங்க," என்று வைத்திலிங்கம் போகிறபோது சொன்னார். "வெல்லப்பாகு, தவிடு, பாயசம்."

அது மண்ணுக்குள் கேட்டுவிட்டது போலிருக்கிறது. ஒரு நொடி சண்டை நின்றது.

"வெல்லமா?" என்றான் பச்சையன். "நெசமாவா? எப்பக்கா?"

விழா நாள் வந்தது. ஓடைக்கரையில் மேடை போட்டார்கள். பேனர் கட்டினார்கள். பாராட்டப்படுகிறவர்களைப் படம் பிடிக்க முடியவில்லை என்பதால் பேனரில் வைத்திலிங்கத்தின் படம் பெரியதாகவும், தலைவரான யானை அங்கப்பனின் படம் அதைவிடச் சிறியதாகவும், கீழே ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியும் இருந்தன. புள்ளிக்குக் கீழே 'பசி என்பார், பணி செய்வார்' என்று போட்டிருந்தது. அந்தப் புள்ளி அச்சுப் பிழை என்று நினைத்து ஒரு குரங்கு அதைச் சுரண்டிவிட்டது.

மைனா மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ," என்றது. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. ஆளாளுக்கு மண்ணைப் பார்த்துக் கும்பிட்டார்கள். புலி, தான் கத்தரிக்காய் தின்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் இவர்கள்தான் என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்லிவிட்டு இறங்கியது.

பொன்னாடை போர்த்தும் கட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு எங்கே போர்த்துவது? வைத்திலிங்கம் யோசித்து, நாற்றங்கால் முழுக்க மூடுகிற மாதிரி ஒரே பெரிய பொன்னாடையாக விரிக்கச் சொன்னார். ஜரிகை போட்ட கனமான துணி. மேட்டுப்பாத்தி அதற்குள் மறைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"செயலாளருங்க, நாத்துக்குக் காத்து வேணுமுங்க," என்றாள் செங்கமலம்.

"போத்துன கையோட எடுத்தா மரியாதையா இருக்குமாக்கா? காலைல எடுத்துக்கலாம்."

பிறகு விருந்து. தலைவர் அங்கப்பன் வெல்லப்பாகு அண்டாவில் துதிக்கையை விட்டு நிறைய உறிஞ்சினார். பொன்னாடைக்கு மேலேயே மழை மாதிரி பீய்ச்சினார். தவிட்டையும் கரைத்துப் பீய்ச்சினார். பாத்தியின் வேலியோரத்து வரிசையில் மட்டும் அது விழவில்லை. அங்கே சடையன் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு வேலிக்கு மேலே எட்டிக்கொண்டு நின்றார். அந்த வரிசைக்கு வர வேண்டிய பாகெல்லாம் அவர் தலையிலும் முதுகிலும் விழுந்தது. சடையன் மூக்கை நக்கினார். இன்னொரு முறை நக்கினார். அவர் முகத்தில் இதற்கு முன் யாரும் பார்த்திராத ஒரு கனிவு வந்தது.

தலைவர் நாற்றைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நாற்றுதான் பொன்னாடைக்குள் இருந்ததே. "காலைல பாத்துச் சொல்லிக்கலாம்," என்று அவர் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் செங்கமலம் பொன்னாடையின் ஓரத்தைத் தூக்கிக் காதை மண்ணில் வைத்தாள்.

சத்தமே இல்லை.

அந்த மாதிரி அமைதி அவளுக்குப் பழக்கம். பருந்து வந்துபோன அன்றைக்கு வளைக்குள் அப்படித்தான் இருந்தது.

"பச்சையா! டேய் பச்சையா!"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "ஆரு… அக்காவா? இப்ப அசைய முடியலக்கா. நாளைக்கு வாங்க."

"ஏன்டா சத்தத்தையே காணோம்?"

"சண்டை போட என்ன இருக்குது? எல்லாருக்கும் எலை நெறைய இருக்குது. இந்தா, இவன் கூட எங்கிட்ட மரியாதையாப் பேசறான்."

அப்போது பக்கத்தில் வேறொரு குரல் கேட்டது. "இன்னும் ஒரு கை பாயசம் இங்க வரட்டுமுங்க!"

செங்கமலம் காதை இன்னும் அழுத்தி வைத்தாள். தெரிந்த குரல்.

"அது சாய்ச்சான்தானே? அவன் எப்படி உள்ள வந்தான்?"

"விழாவுக்கு வர்றவங்கள ஆருங்க பேர் கேக்கறாங்க?" என்றான் சாய்ச்சான். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசினான். "மொதப் பந்தியிலயே உக்காந்துட்டனுங்க. நான் வேகமாத் திங்கற ஆளு. போன உடம்பெல்லாம் வந்துருச்சு. வெல்லம் நல்ல வெல்லமுங்க அம்மிணி, சங்கத்துக்குச் சொல்லிருங்க."

"பச்சையா, அவனப் புடிடா! அன்னைக்கு மாதிரி சுத்தி வளைச்சுப் புடி!"

பச்சையன் பெருமூச்சு விட்டான். "அதெப்படிக்கா? பந்தியில எலை முன்னால உக்காந்திருக்கறவன எந்திரிக்கச் சொல்லி அடிக்கறதா? நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசமாட்டாங்களா? அதுவுமில்லாம…"

"அதுவுமில்லாம?"

"பசி இல்லக்கா."

செங்கமலம் பொன்னாடையைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஈரத்தில் ஊறி, பாகில் ஒட்டி, அது அவளைப் போலப் பத்து மடங்கு கனமாக இருந்தது. வேலியோரத்து மூலையை மட்டும் சற்று விலக்க முடிந்தது.

காலையில் தலைவர், செயலாளர், சங்கத்தார் எல்லாரும் வந்து பொன்னாடையை எடுத்தார்கள். அடியில் நாற்றெல்லாம் நீர்கோத்துக் கழுத்து மடங்கிக் கிடந்தன. வேலியோரத்து ஒரு வரிசை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கியது. சங்கம் அங்கேயே உட்கார்ந்து விசாரித்தது. மரியாதை போதவில்லை, அதனால் காவல்காரர்கள் மனம் நொந்திருக்கிறார்கள், அடுத்த முறை இதைவிடப் பெரிய விழாவாக எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

"அவங்க மனசு நோகலீங்க. வயிறு நெறைஞ்சு கெடக்கறாங்க," என்றாள் செங்கமலம்.

"இந்த நேரத்துலயும் அவங்கள உட்டுக்குடுக்காமப் பேசறாங்க பாருங்க," என்றார் வைத்திலிங்கம்.

தலைவர் அங்கப்பன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு வரிசை நிக்கறதெல்லாம் நாத்தங்கால் ஆகாதும்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குது. நெலம் சடையனுக்கு."

சடையன் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினார். கொம்பில் டோக்கன் ஆடியது. "மன்னிச்சுக்கோங்க அம்மிணி. மொறைன்னு வந்துட்டா என்ன பண்றதுங்க?" என்றார். பேசும்போதே நாக்கு நீண்டு முதுகில் காய்ந்திருந்த வெல்லப்பாகைத் தேடியது.

செங்கமலம் அந்த நாக்கைப் பார்த்தாள். நின்ற வரிசையைப் பார்த்தாள். சாய்ந்ததை எல்லாம் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, கை கூப்பினாள்.

"நெலத்தத் தர்றனுங்க. சந்தோசமாத் தர்றேன். ஆனா சடையண்ணன் இத்தன நாள் வெயில்லயும் மழையிலயும் வேலியோரம் பொறுமையா நின்னாருங்க. ஒரு அவசரம் காட்டல, ஒரு வார்த்த தப்பாப் பேசல. அப்பேர்ப்பட்ட ஆளு சும்மா வேலியத் தாண்டிக்கிட்டு உள்ள வரலாமுங்களா? ஒரு மேடை வேண்டாமா? ஒரு பொன்னாடை வேண்டாமா?"

வைத்திலிங்கம் குலுங்கி அழுதுவிட்டார்.

சடையன் தூக்கிய காலை இறக்கினார். "அதெல்லாம் எதுக்குங்க?" என்றார். பிறகு, "வெல்லம் உண்டுங்களா?" என்று கேட்டார்.

விழா நடந்தது. பொறுமைக்கே பெயர்போனவர் என்று மைனா சொன்னது. பொன்னாடை அவருக்குச் சரியாக இருந்தது. வெல்லப்பாகு அண்டாவோடு வைத்தார்கள். சடையன் முழுவதையும் குடித்துவிட்டு மேடையிலேயே சாய்ந்துகொண்டார்.

மறுநாள் செங்கமலம் போய்க் கேட்டாள். "நெலத்துல எப்பங்கண்ணா எறங்கறீங்க?"

சடையன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இப்ப அசைய முடியல அம்மிணி. நாளைக்கு வாங்க."

அது எங்கேயோ கேட்ட பேச்சாக அவளுக்கு இருந்தது. மனம் லேசாகித் திரும்பி வந்தாள்.

மறுநாள் ஓடைக்கு அக்கரையில் மான்கள் கூப்பிட்டிருந்தன. பொறுமையின் பெருமை பற்றிச் சடையன் பேச வேண்டுமாம். அதற்கு அடுத்த நாள் கரடிகளின் தேனீக் கூட்டுறவில் சிறப்பு விருந்தினர். சடையனுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச வராது. அதனாலேயே எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. தலைவர் அங்கப்பனுக்கு வந்த அழைப்பெல்லாம் சடையனுக்குப் போக ஆரம்பித்தது. ஏதோ ஒரு விழாவில் கழுத்து மாலையைத் தின்றபோது, கொம்பிலிருந்து நழுவி அதில் சிக்கியிருந்த டோக்கனும் சேர்ந்து உள்ளே போயிற்று. அமாவாசை வந்தது, போனது. வழக்கப்படி அவர் வரிசையின் கடைசிக்குப் போனார். அது அவருக்குத் தெரியாது. மேடையில் எப்போதும் முதல் நாற்காலிதான் என்பதால், எதிலும் தான் முதல் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் அடுத்து நின்றது முள்ளம்பன்றி. அதற்கு உடனே பொன்னாடை ஏற்பாடு செய்துவிட்டாள் செங்கமலம். போர்த்துவதற்குத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

இதற்குள் அவள் பாத்தியைக் காயவிட்டு, பாகு ஊறிய மேல்மண்ணை வழித்து எருக்குவியலின் நடுவில் எறிந்தாள். குவியலின் அடியில் மிச்சமிருந்த பழைய, கறுத்த எருவை எடுத்துக் கலந்தாள். அந்த ஒற்றை வரிசை நாற்று ஓரத்தில் நிற்க, மற்ற இடத்தில் மறுபடி விதைத்தாள். பாத்தியின் அருகே யாரும் ஒரு பிடி தவிடுகூடக் கொண்டுவரக் கூடாது என்று வேலியில் முள் வைத்தாள். வைத்திலிங்கம் ஒரு கூடை பழத்தோடு நன்றி சொல்ல வந்தபோது, பின்னங்காலால் மண்ணை வாரி அவர் முகத்தில் இறைத்தாள்.

சில நாள் கழித்துக் காதை வைத்துக் கேட்டாள்.

"அக்கா," என்றான் பச்சையன். குரல் வறண்டிருந்தது. "பசிக்குதுக்கா. உசுரு போகுது. அன்னைக்கு மாதிரி ஒரு விழா வெக்கக் கூடாதா?"

"மாட்டேன்."

"உங்களுக்கு நன்றியே இல்லையா?"

"இல்லடா தம்பி."

"சே! என்ன ஊருடா இது! டேய், ஆருடா அது, என்ற காலை மிதிக்கறது? நவுருடா! அது என்ற வேரு!"

கூச்சல் ஆரம்பமாயிற்று. எங்கோ ஓரத்தில், "கொஞ்சம் வழி உடுங்க…" என்று ஒரு குரல் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. செங்கமலம் காதை எடுக்காமல் அப்படியே வெயிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

நாற்று நின்றது; வழக்கப்படி நிலமும் அவளிடமே நின்றது. புலி உட்பட எல்லாரும் வந்து வாங்கிப் போனார்கள்.

ஒரு குறைதான். சடையன் வேலியோரம் வருவது நின்றுபோனதால் சாணிக்கு வழியில்லை. ஆகவே அந்தக் காட்டில் எங்கே விழா நடந்தாலும், சடையன் மேடையில் மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்திருக்கும்போது, மேடைக்குப் பின்னால் கூடையோடு ஒரு முயல் காத்திருப்பதைப் பார்க்கலாம். சடையனின் பரம ரசிகை அவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீதி: வேண்டியவர்களைப் பசியோடு வை, வேண்டாதவர்களுக்கு விழா எடு. மாற்றிச் செய்தால் நாற்று சாயும்.